மூணாம் ஓடைக்குத் தெக்கே

செப்டம்பர் 1

பழைய நோட்டு மழைல ஊறிப் போச்சு. புது நோட்டுன்னா மொதப் பக்கத்துல யாரு, எங்க, என்ன வேலைன்னு எழுதணும். அமலி அக்கா சட்டம். "டேட்டா நோட்டு எனக்கு, இந்த நோட்டு உனக்கு. நான் தொறக்க மாட்டேன். ஆனா தெனமும் எழுதணும்லே." சரின்னு ஒத்துக்கிட்டேன், வேற வழியில்ல.

நான் சுடலைமுத்து. வயசு இருபத்திரண்டு. பாளையங்கோட்டை. மெக்கானிக்கல் மூணாவது வருசம், பதினோரு அரியர், காலேஜுக்கு ஒரு கும்பிடு. வீட்ல சும்மா பைக்கப் பிரிக்கதும் மாட்டதுமா கெடந்தேன். அமலி அக்கா எங்க தெரு, எங்க அக்காகூடப் படிச்சவ. கென்யாவுல சிங்கத்தப் பத்தி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றா. லீவுக்கு வந்தப்ப எங்கம்மாட்ட "இவன நான் கூட்டிட்டுப் போறேன்"ன்னா. எங்கம்மா "கூட்டிட்டுப் போ, சிங்கத்துக்குப் போட்டாலும் சரி"ன்னா. வந்து பதினாலு மாசம் ஆச்சு. வண்டி ஓட்டணும், நின்னா ஓட வைக்கணும், சிங்கம் எங்க படுத்திருக்குன்னு கண்டுபிடிக்கணும். மூணும் எனக்கு வருது. காலேஜ்ல ஒண்ணுகூட வரல.

கேம்ப்ல இன்னொருத்தர் லெகிஷோன். இந்த ஊரு மசாய் இனத்துக்காரர். நாப்பது வயசிருக்கும். தரையப் பாத்து நேத்து யாரு போனான்னு சொல்லுவாரு. எங்ககூட இங்கிலீஷ்தான் பேசுவாரு, தமிழ்ல ஒரு வார்த்தைதான் தெரியும்: "ஏலே". எல்லாத்துக்கும் அதுதான்.

இன்னைக்கு நாலாவதா ஒரு ஆள் வந்து எறங்கியிருக்கான். அகிலன். கோயம்புத்தூர். இருபத்தஞ்சு வயசு. வனவிலங்கு எம்.எஸ்ஸி., கோல்டு மெடல். ப்ளேன் ஓட்டுனவனுக்கு நன்றி சொன்னான், பெட்டி தூக்குன லெகிஷோனுக்கு நன்றி சொன்னான், எனக்கு ரெண்டு தடவ சொன்னான். நான் ஒண்ணுமே செய்யல, சும்மா நின்னுட்டு இருந்தேன்.

"ஆளு எப்படிலே?"ன்னு அக்கா கேட்டா.

"நல்லா நன்றி சொல்றான்"ன்னேன்.

செப்டம்பர் 3

ஆம்பள சிங்கம் ஒத்தையா இருந்தா ஒரு எடத்தையும் பிடிச்சு வச்சுக்க முடியாது. அண்ணன் தம்பி, சித்தப்பன் மகன்னு ரெண்டு மூணு பேரு கூட்டு சேர்ந்து ஒரு எல்லையப் பிடிப்பானுங்க. உள்ள இருக்குற பொம்பளைங்க, குட்டிங்க எல்லாம் அந்தக் கூட்டுக்கு. எவனாவது பெரிய கூட்டு வந்து அடிச்சா எல்லாம் போச்சு.

எங்க எடத்துல ரெண்டு பேரு. நோட்டுல நம்பர்தான். பேரு வச்சது நான். மூக்குல தழும்பு உள்ளவன் மூக்காண்டி. பிடரி கன்னங்கரேல்னு கெடக்குறவன் சடையன், வலது காது கிழிஞ்சவன். மூணு வருசமா கேம்ப் குன்றுலருந்து மூணாம் ஓடை வரைக்கும் இவனுங்க ராஜ்ஜியம். நாலு பெண் சிங்கம். இப்ப அஞ்சு குட்டி, நாலு மாசம். ஒவ்வொண்ணும் நம்ம ஊரு டெய்லர் கடைப் பூனை மாதிரி மொறைக்கும்.

விசயம் என்னன்னா, ஓடைக்குத் தெக்க புதுசா மூணு ஆம்பள வந்திருக்கு. சின்ன வயசு, உடம்புல ஒரு கீறல் இல்ல. மொதல்ல பாத்தது யாருங்க? அகிலன். வந்து ரெண்டே நாள்ல. நான் ஸ்டியரிங்க பிடிச்சிட்டு ரோட்டப் பாத்துட்டு இருந்தேன், அவன் அக்கா பக்கத்துல முன் சீட்ல உக்காந்து பைனாகுலர்ல பாத்தான். அந்த சீட்ல லெகிஷோன்தான் உக்காருவாரு. அவரு பின்னால போய்ட்டாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு.

அந்த மூணுக்கு நான் வச்ச பேரு கோயமுத்தூர் பார்ட்டி.

செப்டம்பர் 6

அகிலன் வண்டிக்கடியில குனிஞ்சு கேட்டான். நான் கிரீஸ் அடிச்சிட்டு இருந்தேன்.

"சுடலை, ஒரு சந்தேகமுங்க. மூக்காண்டி வெயில் நேரத்துல எங்க படுப்பாருங்க?"

சிங்கத்துக்கு 'படுப்பாரு'.

"தெரியாது."

"பதினாலு மாசம் இருக்கீங்களே..."

"சிங்கம்லா, தெனமும் சொல்லிட்டா படுக்கும்?"

"அதுவும் சரிதானுங்க"ன்னு சிரிச்சிட்டுப் போய்ட்டான். கோவப்பட மாட்டேங்கான். ஒரு தடவையாவது கோவப்பட்டா நல்லாருக்கும்.

எனக்குத் தெரியும். ரெண்டாம் ஓடை வளைவுல, பாறைக்குக் கீழ, நெழலு மேக்க சாயுற எடம். நானா கண்டுபிடிச்சது. ஏன் சொல்லணும்?

செப்டம்பர் 9

மேடம்ன்னு கூப்பிட்டவன் இன்னைலருந்து "அமலி அக்கா"ன்னு கூப்பிடுறான்.

செப்டம்பர் 12

இன்னைக்கு ஸ்பீக்கர் வேலை. இதுதான் அக்கா ஆராய்ச்சியே. சிங்கம் எண்ணும். நெசமாத்தான். வெளியாள் ஒருத்தன் கத்தினா, உள்ள இருக்குற ரெண்டு பேரு 'ஒருத்தன்தானே'ன்னு எந்திரிச்சு வருவானுங்க. மூணு பேரு கத்தினா யோசிப்பானுங்க. அதப் பாக்குறதுக்கு, வண்டி மேல ஒரு பெரிய ஸ்பீக்கர வச்சு, ரெக்கார்டு பண்ணின கர்ஜனையப் போடுவோம்.

அதுக்கு நெறைய சட்டம். குட்டி பக்கத்துல இருந்தா போடக்கூடாது. அதே கூட்டுக்கு ஒரு மாசத்துல ரெண்டு தடவ போடக்கூடாது. எல்லைகிட்டப் போடக்கூடாது. ஒத்த ஆளாப் போகக்கூடாது. முக்கியமா, போடுற குரல் ரொம்பத் தூரத்து சிங்கத்தோடதா இருக்கணும், பக்கத்து எடத்துல உசுரோட திரியிறவன் குரலப் போடவே கூடாது.

சாயங்காலம் அஞ்சே காலுக்கு மூணு பேரு குரலப் போட்டோம். மூக்காண்டியும் சடையனும் எந்திரிச்சு நின்னானுங்க. காத குவிச்சானுங்க. அப்புறம் எதிர்ப் பக்கமா திரும்பி நடந்துட்டானுங்க.

வழக்கமா அக்கா என்னத்தான் பாப்பா: "என்னலே சொல்லுத?" நான் சொல்றத எழுதுவா. இன்னைக்கு அகிலன் "பின்வாங்கல், அக்கா. தெளிவான பின்வாங்கல்"ன்னான். அக்கா எழுதிட்டா. எங்கிட்ட கேக்கல.

செப்டம்பர் 13

பின் பக்கம் ரெண்டு டயரு பஞ்சர். முள்ளு விரல் நீளம். வேற ஒண்ணும் எழுதத் தோணல.

செப்டம்பர் 14

சட்டி கழுவிட்டு இருந்தேன். சாப்பாட்டு டென்ட்ல அக்கா போன்ல பேசினது கேட்டுச்சு. ஒட்டுக் கேக்கல, கேட்டுச்சு.

மார்ச்ல அக்கா தீசிஸ் எழுத ஊருக்குப் போறா. ஒரு வருசம். அதுவரைக்கும் இங்க பொறுப்பா ஒரு ஆள் இருக்கணும். பெர்மிட் ஒரு ஆளுக்குத்தான். இத எனக்குத்தான்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். அக்கா அப்படி எப்பவும் சொன்னதில்ல. நான்தான் நெனச்சேன்.

போன்ல அக்கா அவ கைடுகிட்ட சொன்னா: "சுடலைக்கு காடு தெரியும் சார். ஆனா எழுதத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும்ல."

நான் தெனமும் எழுதிட்டுத்தானே இருக்கேன்.

செப்டம்பர் 16

மத்தியானம் கஞ்சி குடிக்கிறப்போ நானே ஆரம்பிச்சேன்.

"அன்னைக்கு பின்வாங்கல்ன்னு எழுதச் சொன்னீங்கள்லா. பின்வாங்கல் இல்ல அது. திரும்பிப் போனானுங்க. குட்டி இருக்குற பக்கம் போனானுங்க. காவலுக்கு."

"இருக்கலாமுங்க. ஆனா அது நம்ம ஊகம்தானுங்களே. கண்ணுல பாத்தத மட்டும்தான எழுத முடியும்?"

"நான் பதினாலு மாசமா கண்ணுலதான் பாக்கேன்."

"ஏலே, ரெண்டு பேரும் சாப்பிடுங்க"ன்னா அக்கா.

"அவனுங்க பயந்தாங்கொள்ளிங்க இல்ல யக்கா."

"நான் எங்கலே பயந்தாங்கொள்ளின்னேன்?"

லெகிஷோனுக்கு ஒரு வார்த்தை புரியல. என் மூஞ்சியப் பாத்தாரு, அகிலன் மூஞ்சியப் பாத்தாரு, கஞ்சியப் பாத்துட்டு "ஏலே"ன்னாரு. அக்காவுக்கு புரை ஏறிடுச்சு. தலையில தட்டினது அகிலன்.

செப்டம்பர் 18

கோயமுத்தூர் பார்ட்டி தலைவன் தனியா நின்னு கத்தினத அகிலன் ரெக்கார்டு பண்ணிட்டு வந்துட்டான். காத்து சத்தம் இல்ல, பூச்சி சத்தம் இல்ல, கோயில் மணி மாதிரி சுத்தமா இருக்கு. அக்கா மூணு தடவ கேட்டா. "இந்த மாதிரி ஒண்ணு எனக்கு நாலு வருசத்துல கெடைக்கலடா"ன்னா.

'டா' போட்டுட்டா.

ஃபைல் பேருலயே 'ஒலிபரப்பக் கூடாது'ன்னு எழுதி வச்சிருக்கான். உசுரோட பக்கத்துல திரியிறவன் குரல் இல்லையா. எல்லாத்துலயும் ஒழுங்கு.

செப்டம்பர் 20

காலைல ரேடியேட்டர் சூடு ஏறுதான்னு பாக்க வண்டிய எடுத்துட்டு ஒரு ரவுண்டு போனேன். ஏறல. நல்லாருக்கு.

எட்டு மணிக்கு வந்தப்ப அக்கா காபியோட நின்னா. "விடியக்காலம் தெக்க ஒருத்தன் கத்தினானே, கேட்டியா?"

"இல்லியே."

"நாலு கிலோமீட்டர் தள்ளி எனக்கே கேட்டுச்சு. நீ வெளிய இருந்துட்டு கேக்கலங்கிற. காதுல என்ன, ஆயிலா ஊத்திருக்க?"

என்ஜின் சத்தம்ன்னேன்.

அப்புறம் ஏர் ஃபில்டர கழட்டித் தட்டினேன். துணி தொவைச்சேன். டீசல் டின்ன அடுக்கினேன். அடுக்கினத திரும்பப் பிரிச்சு அடுக்கினேன்.

செப்டம்பர் 21

மூக்காண்டி செத்துட்டான்.

கழுகு சுத்துறத லெகிஷோன்தான் பாத்தாரு. மூணாம் ஓடைக்குத் தெக்க, முந்நூறு அடி. முதுகெலும்புல கடி. பின்னங்கால் ரெண்டுலயும் கடி. ஒருத்தன் முன்னால நின்னு வாங்கிக்க, ரெண்டு பேரு பின்னால இருந்து கடிச்சிருக்கானுங்க. லெகிஷோன் தரையப் படிச்சு சொன்னாரு: ரெண்டு பேரு வடக்கருந்து ஓடையத் தாண்டி நேரா நடந்து வந்திருக்கானுங்க. ஓடல, பதுங்கல. தெம்பா, தெரிஞ்ச எடத்துக்குப் போற மாதிரி. தெக்கருந்து மூணு பேரு ஓடி வந்திருக்கானுங்க.

"ஏன் ஓடையத் தாண்டினாங்க?"ன்னு கேட்டாரு. "மூணு வருசத்துல தாண்டினதே இல்ல."

எங்கிட்டத்தான் கேட்டாரு. மூக்காண்டியப் பத்தி என்ன சந்தேகம்னாலும் எல்லாரும் எங்கிட்டத்தான் கேப்பாங்க. நான் வண்டில தண்ணி எடுக்கப் போய்ட்டேன்.

சடையனக் காணல. ரத்தத் தடம் வடகெழக்க போகுது.

அகிலன் மூக்காண்டிக்குப் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து பல்லு அளந்தான், கால் அளந்தான், எல்லாம் எழுதினான். முடிச்சிட்டு அந்தத் தழும்பு மேல கைய வச்சிட்டே இருந்தான். எனக்கு அவன் கையத் தட்டி விடணும் போல இருந்துச்சு. என் சிங்கம்.

செப்டம்பர் 22

கோயமுத்தூர் பார்ட்டி ஓடையத் தாண்டிட்டானுங்க. எங்க பாறைல நின்னு மூணு பேரும் சேர்ந்து கத்தினானுங்க. கேம்ப் தகரம் அதிருது.

செப்டம்பர் 24

புதுசா எடம் பிடிச்சவன் மொதல்ல பழையவன் குட்டியத்தான் கொல்லுவான். குட்டி இருக்குற வரைக்கும் பொம்பள அவன ஏறெடுத்துப் பாக்க மாட்டா. குட்டி போனா ரெண்டு மூணு வாரத்துல சம்மதிப்பா. அக்கா இத எனக்கு வந்த புதுசுல சொல்லிக் குடுத்தா. "இதுல கெட்டவன் நல்லவன் கெடையாதுலே. எதுலயும் கை வைக்காத, எழுது"ன்னா.

இன்னைக்கு மூணு குட்டி.

ரெண்டு தாய் எதிர்த்து நின்னாளுங்க. ஒருத்திக்கு தோள்பட்டை பிஞ்சு தொங்குது. வண்டிய நடுவுல விடட்டான்னு கேட்டேன். அக்கா என் மணிக்கட்டப் பிடிச்சா. விடல. பதினஞ்சு நிமிசம் பிடிச்சிட்டே இருந்தா.

செப்டம்பர் 25

நாலாவதும். அஞ்சாவதக் காணல. அது தாயையும் காணல. லெகிஷோன் வடக்க தேடுறாரு.

செப்டம்பர் 27

அகிலன் ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கான். அவன் கண்டுபிடிச்ச சிங்கம்தானே ஜெயிச்சிருக்கு, அவன் சந்தோசமால்லா இருக்கணும். காலைல கூடாரத்துக்குப் பின்னால நின்னு அழுதுட்டு இருந்தான். அக்கா போய் பக்கத்துல நின்னா. முதுகத் தடவிக் குடுத்தா.

நான் ஆறு நாளா அழாம இருக்கேன். யாரும் என் முதுகத் தடவல. அழாதவன் முதுக யாரு தடவுவா?

செப்டம்பர் 29

டீசல் டின் அடுக்குற எடத்துக்கு அகிலன் லேப்டாப்போட வந்தான். அக்காவும் லெகிஷோனும் வடக்க போயிருந்தாங்க. பாத்துத்தான் வந்திருக்கான்.

"சுடலை, ஒண்ணு காட்டட்டுங்களா?"

கேம்ப் கூரைல ஒரு ரெக்கார்டர் கட்டி வச்சிருக்கான். தெனமும் விடியக்காலம் தானா ஓடும். நான் கவனிச்சதே இல்ல. இருபதாந்தேதி தெக்க இருந்து கேட்ட குரல் அதுல இருக்கு. குரல கோடு கோடா படம் போட்டுக் காட்டினான். பக்கத்துல இன்னொரு படம், பதினெட்டாந்தேதி அவன் எடுத்த குரல்.

ஒண்ணு மேல ஒண்ண வச்சான். ஒரே கோடு.

"ஒரே சிங்கம் ரெண்டு தடவ கத்தினாக்கூட இப்படி வராதுங்க. மூச்சு மாறும், நீளம் மாறும். இது..." நிறுத்திட்டான். "ஸ்பீக்கர் பேட்டரியும் காலியா இருந்துச்சுங்க. நான் சார்ஜ் போட்டு வச்சிருந்தேன்."

நான் ஒரு டின்ன தூக்கி இன்னொரு டின் மேல வச்சேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லைங்க"ன்னான். "சொன்னா நீங்கதான் சொல்லணும்."

அடிச்சிருந்தா கூட பரவால்ல.

செப்டம்பர் 30

எழுதிருவோம். அக்கா தொறக்க மாட்டா.

இருபதாந்தேதி ஸ்பீக்கர எடுத்துட்டு ஒத்தையாப் போனேன். ஓடைக்கரைக்கே போனேன். மூக்காண்டியும் சடையனும் ஓடிப் போறவனுங்க இல்லன்னு காட்டணும். காட்டி, போட்டோ எடுத்து, அக்கா முன்னால வச்சு, "இப்ப எழுதுங்க"ன்னு சொல்லணும். அதுக்கு எந்தக் குரல வேணும்னாலும் போட்டிருக்கலாம். தூரத்து சிங்கம் குரல் பதினாறு இருக்கு. எனக்கு அவன் குரல்தான் வேணும்னு இருந்துச்சு. அகிலன் எடுத்தது, அக்கா மூணு தடவ கேட்டது. அந்தக் குரலத்தான் என் ஆளுங்க வெரட்டணும்.

ஒரே ஒரு தடவ போட்டேன். ஒருத்தன் குரல். பத்து நிமிசத்துல வந்துட்டானுங்க, தோளோட தோள் ஒரசிட்டு. என் வண்டியத் தாண்டிப் போறப்போ மூக்காண்டி என்னப் பாத்தான். ஓடைல எறங்கி ஏறினானுங்க. அந்தப் பக்கம் நின்னு ரெண்டு பேரும் கத்தினானுங்க பாருங்க, எனக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி சந்தோசம். போட்டோ எடுத்தேன். இருபத்தி மூணு போட்டோ. அப்புறம் வண்டியத் திருப்பிட்டு, பாட்டுப் பாடிட்டு வந்தேன்.

எதிர்ல ஒருத்தன்தான்னு அவனுங்க எண்ணினானுங்க. நான் அப்படித்தான் எண்ண வச்சேன். ஆனா அவனுங்க ரெண்டு பேரு கத்தினத நெசமான மூணு பேரு கேட்டு எண்ணியிருக்கானுங்க. அத நான் எண்ணல.

அந்தப் போட்டோ எல்லாம் அழிச்சிட்டேன். ஒரு போட்டோ தவிர.

அக்டோபர் 2

சொல்ல மாட்டேன்னவன் சொல்லவே இல்ல. மூணு நாளாச்சு. சாப்பிடுறப்போ எனக்கு ஊறுகாய் எடுத்துக் குடுக்கான். "சுடலை, கொஞ்சம் வச்சுக்கங்க." அக்கா அம்மா செஞ்சனுப்பின நார்த்தங்காய். அத எனக்கு அவன் எடுத்துக் குடுக்கான்.

இப்படியே விட்டா என்னாகும்? மார்ச் மாசம் அவன் இங்க இருப்பான், நான் ஊர்ல இருப்பேன். என்னைக்காவது ஒருநாள் அக்காவுக்குத் தெரியும். அப்ப அக்கா என்ன நெனைப்பா? அகிலன் எவ்வளவு பெரிய மனசுக்காரன், தெரிஞ்சும் இத்தன நாள் காப்பாத்தியிருக்கான்னு. என்னக் காப்பாத்தினவனா அவன்? முடியாது. அத மட்டும் குடுக்க முடியாது.

அக்டோபர் 3

சொல்லிட்டேன்.

அக்கா டேட்டா எழுதுற மேசைல இருந்தா. நின்னுட்டே சொன்னேன், மூச்சு விடாம. திட்டுவான்னு நெனச்சேன். பேனாவ எடுத்தா.

"எத்தன மணிக்கு?"

"அஞ்சு அம்பத்தி ரெண்டு."

"எந்த எடம்?"

சொன்னேன்.

"எத்தன தடவ?"

"ஒரு தடவ."

"எந்தக் குரல்?"

சொன்னேன். அங்கதான் பேனா நின்னுச்சு. திரும்ப எழுதினா. நோட்ட எம்பக்கம் தள்ளினா. "கையெழுத்துப் போடு."

போட்டேன்.

"ஏம்லே?"

நூறு காரணம் யோசிச்சு வச்சிருந்தேன். வாய்ல வந்தது: "அவன 'டா'ன்னு கூப்பிட்டிய."

எனக்கு மூஞ்சி எரிஞ்சுது. மூக்காண்டி செத்ததுக்கு, நாலு குட்டி செத்ததுக்கு, இதுதான் காரணம். வெளிய சொல்லிப் பாத்தா இவ்வளவுதான் இருந்துச்சு.

"இந்தக் கூட்டு டேட்டா மொத்தமும் இனி உதவாது, தெரியும்லா?"ன்னா நோட்ட மூடி வச்சிட்டு. "பத்து மாச வேலை. அதுல அகிலன் பேர்ல வர வேண்டிய கட்டுரையும் போச்சு."

"அவன்ட்ட நானே சொல்லுதேன்."

"வேண்டாம். அவன் முந்தாநாளே வந்து மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொல்லிட்டான். ஏன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டான். ரெண்டு நாளா அவன்கிட்ட நான் பேசல."

அதுலயும் முந்திட்டான். அதுக்கு அக்கா ரெண்டு நாளா பேசாம இருந்ததையும் தாங்கியிருக்கான், எனக்காக. நான் எதக் குடுக்கக் கூடாதுன்னு ஓடிப்போய் சொன்னேனோ, அதத்தான் அவன் ஏற்கனவே வாங்கி வச்சிருக்கான்.

அக்டோபர் 4

பத்தாந்தேதி டிக்கெட். அக்காதான் போட்டா. இங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லல. "எங்கிட்ட வேலைக்கு இருக்க முடியாதுலே"ன்னா.

அக்டோபர் 7

அஞ்சாவது குட்டி உசுரோட இருக்கு. தாயும் குட்டியும் வடக்கு முள்ளுக்காட்டுல ஒளிஞ்சு கெடக்கு. லெகிஷோன் பாத்துட்டு வந்து என் தோள்ல குத்தினாரு. அவருக்கு எல்லாம் தெரியும். அக்கா சொல்லிட்டா. நாலு நாளா எங்கூட ஒரு வார்த்தை பேசல, இன்னைக்குக் குத்து மட்டும்.

அகிலன்கிட்ட "சாரி"ன்னேன். "பரவால்லீங்க"ன்னு சொல்லுவான்னு நெனச்சேன்.

"பரவால்லன்னு என்னால சொல்ல முடியலைங்க"ன்னான்.

மொதத் தடவையா அவன எனக்குக் கொஞ்சம் பிடிச்சுது.

அக்டோபர் 10

நைரோபில உக்காந்து எழுதுறேன். அடுத்த ப்ளேனுக்கு அஞ்சு மணி நேரம் இருக்கு.

பத்தரைக்கு எங்க ஓடுதளத்துல குட்டி ப்ளேன். லெகிஷோன் வண்டி ஓட்டினாரு. அக்கா வரல. காலைல டென்ட் வாசல்ல நின்னு "எங்கம்மாவப் போயி பாரு"ன்னா, அவ்வளவுதான். அகிலன் கேம்ப்ல ரேடியோகிட்ட இருந்தான். இன்னைக்கு அவன் முறை.

வடக்கு எல்லை தாண்டி மேய்ச்சல் நெலத்துல, ஓடுதளத்துக்குக் கிட்ட போறப்போ லெகிஷோன் பிரேக் போட்டாரு. புதருக்கடியில ஒரு ஆம்பள படுத்திருந்துச்சு. எலும்பா இருந்துச்சு. இடுப்புல ஒரு கையகலத்துக்குப் புண்ணு, ஈ மொய்க்குது.

"யாரு?"ன்னாரு.

கிழிஞ்ச காதப் பாக்காமயே எனக்குத் தெரியும். சடையன்.

நாங்க நின்ன அரை மணி நேரமும் அவன் கத்தல. ஒரு சத்தம் விடல. எடம் இல்லாத ஆம்பள சிங்கம் கத்தாது. கத்தினா யாரு இருக்கா, எத்தன பேருன்னு எல்லாரும் எண்ணிருவானுங்கள்லா.

லெகிஷோன் கைய நீட்டிக் காட்டினாரு. கூப்பிடு தூரத்துல ஆட்டுப்பட்டி. அவரு மச்சினன் பட்டி. "காயம் பட்டவனுக்கு மான் பிடிக்க முடியாது. ரெண்டு நாள்ல ஆட்டுல வாய வைப்பான். மூணாவது நாள் எங்க ஆளுங்க ஈட்டி எடுப்பாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. ஒரு ஆள் தெனமும் இவன் பின்னாலயே இருக்கணும். பட்டிப் பக்கம் வந்தா வண்டிய குறுக்க விட்டுத் திருப்பணும். புண்ணு ஆறுற வரைக்கும்."

ஒரு ஆள். என்னப் பாத்து சொல்லல. ஓடுதளத்தப் பாத்து சொன்னாரு.

ரேடியோவ எடுத்தேன். திரும்ப வச்சேன். உள்ளத எழுதுறேன்: சொல்லாம போயிரலாமான்னு இருந்துச்சு. மூக்காண்டி போய்ட்டான், பாறை போச்சு, அக்கா போயாச்சு. இவன் ஒருத்தன்தான் மிச்சம். இவனையும் தூக்கி அவன் கைல குடுக்கணுமா?

சடையன் தலையத் தூக்கி, தன் வலது பக்கம் திரும்பிப் பாத்தான். அங்க ஒண்ணும் இல்ல. வெறும் புல்லு. திரும்பத் தலையப் போட்டுட்டான்.

ரேடியோவ அமுக்குனேன். "அகிலன்."

"சொல்லுங்க சுடலை. ப்ளேன் வரலீங்களா?"

"சடையன் இருக்கான்."

அந்தப் பக்கம் நாற்காலி விழுற சத்தம்.

எடத்தச் சொன்னேன். ஆட்டுப்பட்டியச் சொன்னேன். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்னான். அப்புறம் கேட்டான், "நான் என்ன பண்ணணுமுங்க? எனக்கு இவரப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்களே."

தெரியாதுதான். எவன் சொன்னான் அவனுக்கு?

"வண்டிய அவன் வலது பக்கம் கொண்டு போகாதிய"ன்னேன். "மூக்காண்டி எப்பவும் அந்தப் பக்கந்தான் படுப்பான். யாரு வந்தாலும் அவன்தான்னு நெனச்சுத் திரும்பிருவான், அப்புறம் புண்ணு இழுக்கும். எடது பக்கம் வாங்க. என்ஜின சட்டுன்னு அணைக்காதிய, மெதுவா ஓட விட்டு அணைங்க."

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பதினொரு மணி வெயிலுக்கு எந்திரிச்சு எடம் மாறுவான்னு சொன்னேன். தண்ணிக்கு எந்தப் பள்ளத்துக்குப் போவான்னு சொன்னேன். கோவம் வந்தா மொதல்ல வால் நுனி மட்டும் ஆடும், அதுக்கப்புறம் நாலு எண்றதுக்குள்ள வண்டிய எடுத்திரணும்னு சொன்னேன். ரெண்டாம் ஓடை வளைவு, பாறைக்குக் கீழ, மேக்க சாயுற நெழலு, அதையும் சொன்னேன், உடம்பு தேறினா அங்கதான் திரும்பி வரப் பாப்பான், வந்தா செத்தான், வர விடாதியன்னு சொன்னேன். ஒவ்வொண்ணும் சொல்றப்போ வயிறு எரிஞ்சுது. நிப்பாட்டல.

ப்ளேன் எறங்கிருச்சு. ஓட்டுறவன் கதவத் தொறந்து வச்சிட்டு ரெண்டு தடவ கை காட்டினான். லெகிஷோன் அவன இருக்கச் சொல்லிக் கை காட்டி "ஏலே"ன்னாரு.

நான் இன்னும் சொல்லி முடிக்கல.